மண் நின்ற இடம்

அங்கமுத்துவுக்குக் குருவாக வாய்த்த சித்தலிங்க சாமி, அவரைவிட வயதில் ரொம்பவே இளையவர். அதனால் என்ன? மலையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

சாமி மந்திரம் ஏதும் சொல்லித் தரவில்லை. கல் நடுவதுதான் அவருடைய தவம். மழை ஓய்ந்ததும் இருவரும் கிளம்புவார்கள். முன்பு எப்போதோ மண் சரிந்த இடம் என்று கேள்விப்பட்டால் போதும், பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார் சாமி.

"மண்ணு எது வரைக்கும் வந்துச்சு?"

யாராவது கைகாட்டுவார்கள். அங்கே ஒரு கல். அதைச் சுமந்து வருவதும் சுண்ணாம்பு அடிப்பதும் அங்கமுத்துவின் வேலை. கல்லுக்கு மேல்பக்கச் சரிவில் யாரும் வீடு கட்டக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

மலை முழுக்கக் கல் நட்டாயிற்று. மிச்சம் ஒரே ஒரு சரிவு. அங்கமுத்துவின் வீடு இருந்த சரிவு. அவர் மனைவி செல்லக்கிளியை வீட்டோடு மண் கொண்டுபோன சரிவு. அங்கமுத்து எத்தனையோ நாள் தோண்டியும் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"அங்க எதுக்கு சாமி கல்லு? எனக்குத் தெரியாதா?" என்பார் ஒவ்வொரு வருஷமும்.

சாமியும் விட்டுவிடுவார். இந்த மனுஷன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன! அதே இடத்தில் வீட்டைக் கட்டி, அதே பக்கம் வாசல் வைத்து உட்கார்ந்தால், விறகுக்கட்டோடு அவள் வந்து, "ஏன்யா, சாப்டியா?" என்று கேட்டுவிட மாட்டாளா? அந்த ஒரு கேள்விக்குத்தான் அங்கமுத்து ஏங்கிக் கிடந்தார். கல்லை நட்டுவிட்டால் அதுவும் போச்சு.

இந்த வருஷம் அந்த வழியாக வந்தபோது, சரிவில் கயிறு கட்டியிருந்தது. மாதேசன் என்கிற கீழூர்ப் பையன் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. காலடியில் குழந்தை மண்ணை அள்ளி விளையாடியது.

"இங்கயா வீடு கட்டுறீங்க?" என்றார் அங்கமுத்து.

"ஆமாங்க ஐயா. மத்த சரிவுல எல்லாம் கல்லு நிக்குது. இங்க மட்டும்தான் இல்ல. நல்ல இடம்னு சொன்னாங்க."

"வாசல் இந்தப் பக்கம் வச்சா ஓடை தெரியும்ல?" என்றாள் அந்தப் பெண்.

செல்லக்கிளியும் இதையேதான் சொன்னாள். அங்கமுத்து சாமியைப் பார்த்தார். அட, இந்த மனுஷராவது வாயைத் திறக்கக் கூடாதா? சாமி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் தாயி. இங்க வேண்டாம். என் பொண்டாட்டி இந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கா."

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். மாதேசன் கயிற்றை அவிழ்த்தான்.

அங்கமுத்து ஓடைக்கு இறங்கினார். இருக்கிறதிலேயே பெரிய கல்லாகப் பார்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் திகைத்து நின்றார். சரிவெல்லாம் பச்சைப்பசேலென்று புல்.

"எல்லாம் மூடிக் கெடக்கே சாமி. எங்கன்னு நடுறது?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை சாமி அவரிடம் கேட்கவில்லை.

"செல்லக்கிளியத் தேடி, கடைசியா எந்த எடத்துல தோண்டுனீங்க, பெரியவரே?"