மூன்று டம்ளர் அலசல் தண்ணீர்

மிக்சி ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோமே, அதன் பிளேடுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வாஷரைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்? இப்போதே எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டாம். கதை சின்னதுதான், கேட்டுவிட்டே போகலாம்.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் குருவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பெயர் திருமலர். மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சீடர் கோமதிநாயகம் அறுபதைத் தாண்டியவர். டவுனில் பெரிய பாத்திரக்கடை நடத்தி, அதை மகன் கையில் விட்டுவிட்டு வந்தவர். மடத்து அடுப்படி அவர் பொறுப்பு.

மடத்தில் காலைச் சாப்பாடு ஒரு டம்ளர் கூழ். வாழைப்பழம், பப்பாளி, ஊறவைத்த நிலக்கடலை, கொஞ்சம் வெல்லம் எல்லாம் சேர்த்து அடித்தது. வெளியூர்க்காரர்கள் அதை ஸ்மூத்தி என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, குடித்துவிட்டு மம்பட்டி பிடித்தால் மதியம் வரை பசிக்காது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்னத்தைச் சாக்கடைக்கு அனுப்பக்கூடாது. அடித்து முடித்ததும் ஜாரில் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று சுற்றி, அந்த அலசல் தண்ணீரைக் கழுவுகிறவரே குடித்துவிட வேண்டும். கோமதிநாயகம் தவறாமல் குடித்தார். நாம்தான் குடித்துவிட்டோமே, இனி உள்ளே மிச்சம் என்ன இருக்கப் போகிறது என்று மேலாக ஒரு தேய் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்.

தோட்ட வேலைக்கு ராஜகனி என்றொரு பெண் வந்து சேர்ந்தாள். கூடவே ஏழு வயது மகள் செண்பகம். அந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். அதனால் அவளுக்கு மட்டும் அதே மிக்சியில் வெறும் வாழைப்பழம் அடித்துக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலை அந்த வெறும் வாழைப்பழத்தைக் குடித்ததற்கே பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. மடத்து வேனில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் ராஜகனி பையைக் கட்டிவிட்டாள்.

"இங்கேயே இருக்கத்தாம்மா எனக்கு ஆசை. போகதுக்கு வேற இடமும் கிடையாது" என்றாள் குருவிடம். "ஆனா நாளைக்கு என் பிள்ளைக்கு இந்த அடுப்படியில குடுக்கலாமா கூடாதான்னு யாராவது சொல்லணும். இல்லேன்னா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புதேன்."

குரு வாசலைப் பார்த்தார். கோமதிநாயகம் இரண்டு அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை.

"எல்லாத் தப்பும் பழைய மிக்சியிலதாம்மா" என்றார். "ரெண்டு புதுசு வாங்கியாந்திருக்கேன். ஒண்ணு கண்ணாடி ஜாரு. இன்னொண்ணுல சோப்புத் தண்ணியை ஊத்திச் சுவிட்சைப் போட்டா அதுவே கழுவிக்கிடுமாம். நீங்க சொல்லுங்க, எது கழுவதுக்குச் சுலபம்?"

"பாத்திரம் வித்தவரு நீங்க. என்கிட்ட கேக்கியளே."

"கடையில ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு வாய் வரல."

"சரி. மூணுலயும் கடலையை அடிங்க. கழுவிட்டுச் சொல்லுங்க."

கோமதிநாயகம் அடித்தார். பழையதிலும், புதியவை இரண்டிலும். பிறகு கழுவினார். இந்தத் தடவை மேலாகத் தேய்க்கவில்லை. சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று.

"சுத்தம்மா" என்றார்.

"மூணுமா?"

"மூணும்."

"ஒண்ணைப் பிள்ளைக்குன்னு தனியா வைக்கலாம்லா?"

"அதைத்தாம்மா நானும் நினைச்சேன். பேர் எழுதியே வச்சிருதேன்."

"வைங்க. இதே தொட்டியில, இதே நாரால, நீங்கதான கழுவப் போறிய?"

கோமதிநாயகம் நாரைப் பார்த்தார்.

குரு எழுந்து வந்து மூன்று ஜாரிலும் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொன்றையும் ஒரு சுற்று சுற்றினார். மூன்று டம்ளர்களில் ஊற்றி வரிசையாக வைத்தார். தண்ணீர் மூன்றிலும் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கோமதிநாயகம் குனிந்து முகர்ந்தார். சோப்பு வாசனை கூட இல்லை.

"வழக்கம் தெரியும்லா அண்ணாச்சி. அலசல் தண்ணி கீழே போகக்கூடாது."

"தெரியும்மா. நானே குடிச்சிருதேன்." அவர் கையை நீட்டினார்.

"நீங்க வேண்டாம். உங்களுக்குத்தான் கடலை ஒண்ணும் பண்ணாதே."

குரு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். செண்பகத்தைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டார். அவளுடைய இரண்டு கைகளையும் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார், விளையாட்டுக்குப் பிடிப்பது போல.

"மூணுல எது சுத்தமோ அதை எடுத்துட்டு வாங்க. பிள்ளைக்குக் குடுங்க."

ராஜகனி ஓரடி முன்னால் வந்தாள். குரு அவளைப் பார்த்தார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கோமதிநாயகம் முதலில் பழைய மிக்சியின் டம்ளரைத் தள்ளி வைத்தார். அதில் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி ஜாரின் டம்ளரைத் தொட்டார், விட்டார். தானே கழுவிக்கொள்ளும் ஜாரின் டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே சின்ன முற்றம். கூப்பிடு தூரம்கூட இல்லை. அவருக்கோ மலை ஏறுவது போல இருந்தது.

"தாத்தா, அது ஜூஸா?" என்றாள் செண்பகம்.

"வெறும் தண்ணி, தாயி."

"வெறும் தண்ணிக்கா இம்புட்டு மெதுவா வாறீக?"

அவளுடைய மேலுதடு ஒரு பக்கம் இன்னும் வீங்கியே இருந்தது. பேசும்போது வாய் கோணியது. கோமதிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே அவள் முன்னால் குனிந்தார்.

"அண்ணாச்சி" என்றாள் ராஜகனி. "நீங்க சுத்தம்னு சொன்னா நான் நம்புதேன். சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். கடையில் ஆயிரம் பேரிடம் சொன்ன சொல்தான் அது. ஒரு சுற்று சுற்றினால் போதும், பளிச்சென்று ஆகிவிடும், கழற்றவே வேண்டாம். சிரித்துக்கொண்டே சொல்லிப் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது டம்ளரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

செண்பகம் குடிப்பதற்காக முகத்தை முன்னால் நீட்டினாள்.

கோமதிநாயகம் டம்ளரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தண்ணீர் அவருடைய வேட்டியில் சிந்தியது. மிச்சத்தையும் முற்றத்து மண்ணில் கொட்டினார். மடத்தில் முதல் தடவையாக அலசல் தண்ணீர் கீழே போனது அன்றைக்குத்தான்.

குரு குழந்தையின் கைகளை விட்டார். ராஜகனி வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கோமதிநாயகம் அடுப்படிக்குத் திரும்பிப் போய் அந்தப் புது ஜாரை எடுத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கவிழ்த்து, பிளேடைத் திருகினார். அசையவில்லை. வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் கழன்று வந்தது. அடியில் ரப்பர் வாஷர் இருந்தது. நகத்தால் நெம்பினார். வரவில்லை.

ராஜகனி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினாள்.

ஊசி நுனியில் வாஷர் எழும்பி வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில், நூல் கனத்துக்கு, கடலை விழுது சுற்றிலும் ஓடியிருந்தது. நடுவே சிவப்பாக ஒரு துண்டுத் தோல்.

"அது என்ன தாத்தா?"

"கடலை, தாயி."

வெகு தூரத்தில் சாயங்கால பஸ் மேடேறும் சத்தம் கேட்டது. ராஜகனி கட்டி வைத்த பையைப் பார்த்தாள். பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தாள். அவர் ஜாரைக் கீழே வைக்கப் பார்த்தார். கை நடுங்கியதில் அது கல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையும் நடுங்கியது.

"பழசையும் கண்ணாடியையும் கழட்டிப் பாக்கவே வேண்டாம்மா" என்றார். "அதுலயும் இருக்கும்."

"இருக்கும்."

"அப்போ சுலபமாக் கழுவுற மாதிரி ஒண்ணு எங்கேயும் கிடையாதாம்மா?"

குரு இறங்கி வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். அவர் கையைப் பார்த்தார். வாஷரையும் ஜாரையும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இந்த நடுக்கம் நிக்கதுக்கு முன்னால கழுவிருங்க, அண்ணாச்சி."