நானூத்தி எட்டு

"மூணு நாளாச்சும்மா. முன்னூத்தித் தொண்ணூறாவது ஆளுக்குத்தான் வந்திருக்கேன். நேரா நானூத்தி எட்டை எடுத்துக் காட்டினா ஆவாதா?"

ஜெசிந்தா நிமிரவே இல்ல.

"உங்க கொள்ளுத்தாத்தா என்ன, தனிக்கப்பலா எடுத்துட்டுப் போனாரு? கூட இத்தினி பேரு போயிருக்காங்க. அவங்களையும் விசாரிச்சுட்டு வாங்க."

கேட்டவர் பேரு தனபால். அறுபத்தொரு வயசு. தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்திருந்தாரு. அவரு பேசற தமிழ் நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி கப்பல் ஏறினது. நடுவுல எங்கயும் இறங்கல.

ஜெசிந்தாவுக்கு நாப்பது இருக்கும். துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு குடோன். அங்க கிடக்கற பழைய கப்பல் பதிவேடுங்களுக்குக் காவல். ஃபேன் கிடையாது. போட்டா ஒரு குடும்பமே பறந்து போயிடும்.

முன்னோரத் தேடி வர்றவங்க அவங்கள டீச்சர்னு கூப்பிடுவாங்க. யாருக்கும் அவங்க எதுவும் கத்துக் குடுத்ததில்ல.

தனபால் கழுத்துல ஒரு தகர வில்லை தொங்கிட்டிருந்துச்சு. 408னு குத்தியிருக்கும். கரும்பு வெட்டக் கூட்டிட்டுப் போனப்ப கொள்ளுத்தாத்தா கழுத்துல மாட்டிவிட்டது. வீட்டுல இருக்கறப்ப சாமி மாடத்துல அதுதான் சாமி. கார் நம்பரும் 408. வீடு பதினாறாம் நம்பர், ஆனா கதவுல 408னு எழுதி வெச்சிருக்காரு. தபால்காரன் பாவம்.

கையில ஒரு பிஸ்கட் டப்பா.

அதுக்குள்ள அவரோட அப்பா.

"என்னைச் சொந்த ஊர்ல கரைச்சிடு"ன்னு சொல்லிட்டு அப்பா கண்ணை மூடிட்டாரு. எந்த ஊருன்னு சொல்லல. அவருக்கே தெரியாது.

நாலாம் நாள் மத்தியானம் நானூத்தி எட்டு வந்துச்சு.

பேரு முனிரத்னம். வயசு முப்பது. ஊரு மேல்பனந்தூர்.

அதுக்கடுத்து நானூத்தி ஒம்பது. பட்டம்மா. முன்னவரோட சம்சாரம்.

தனபால் அந்த ஊர்ப் பேரு மேல விரலை வெச்சாரு. எடுக்கறதுக்கு ரொம்ப நேரமாச்சு.

"பஸ் எங்கம்மா ஏறணும்?"

"வரி முடியலையேய்யா. இன்னும் ஒரு கட்டம் பாக்கி."

கடைசிக் கட்டத்துல அங்க அடையாளம் எழுதியிருக்கும். தழும்பு, மச்சம், அம்மைவடு. ஆளு ஓடிட்டா புடிக்கணுமே.

முனிரத்னத்துக்கு எழுதியிருந்தது: இடது கையில ஆறு விரல்.

"கொள்ளுத்தாத்தா போட்டோ வெச்சிருக்கறதாச் சொன்னீங்களே. எடுங்க."

எடுத்தாரு. கொள்ளுத்தாத்தா நாற்காலியில உக்காந்து, ரெண்டு கையையும் முழங்கால் மேல விரிச்சு வெச்சிருந்தாரு. பக்கத்துல கொள்ளுப்பாட்டி பட்டம்மா நின்னுச்சு.

"விரலை எண்ணுங்க."

"இன்னாம்மா, ஒண்ணாங்கிளாஸா?"

"எண்ணுங்கய்யா."

அஞ்சு. அந்தக் கையிலயும் அஞ்சு. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டு எண்ணினாரு. துடைச்சதுல புதுசா எதுவும் முளைக்கல.

"அறுத்துப் போட்டிருப்பாரு."

"இருக்கலாம். மொத நாளு ஒரு சின்ன நோட்டு குடுத்தேனே, கப்பல் டாக்டர் எழுதினது. படிச்சீங்களா?"

"செத்தவங்க கணக்குதான அது. நம்ம ஆளுதான் கரை இறங்கிட்டாரே. நமக்கு இன்னாத்துக்குன்னு வெச்சிட்டேன்."

"எல்லாரும் அதைத்தான் வெச்சிடறாங்க."

ஜெசிந்தா நோட்டைப் பிரிச்சு, அவங்களே படிச்சாங்க.

"இருபத்தி மூணாம் நாள். காய்ச்சல்ல ஒருத்தன் செத்தான். வில்லை நம்பர் நானூத்திப் பத்து. பேரு அய்யாக்கண்ணு, வயசு பத்தொம்பது. பாத்தா முப்பது தெரியுது. இடது கையில ஆறு விரல். உடம்பைக் கடல்ல போட்டாச்சு."

தனபால் போட்டோவுல இருந்த கையை இன்னொரு தடவை பாத்தாரு.

"செத்தது முனிரத்னம். வில்லையை மாத்திட்டாங்க"ன்னாரு தனபால்.

"ம்."

"ஆறு விரலு, முப்பது வயசு. இத்தினியும் எழுதறான். எழுதினவனுக்கு சந்தேகமே வரலையா?"

"நம்பர் சரியா இருந்துச்சேய்யா. அவங்களுக்கு அது போதும்."

தனபால் கை தானா கழுத்து வில்லைக்குப் போச்சு. தொட்டதும் சுட்ட மாதிரி எடுத்துக்கிட்டாரு.

"மாத்தினது யாரு?"

"செத்தவர் கழுத்துல இருந்து கழட்டியிருக்காங்க. அந்த நேரத்துல அவர் தலை யார் மடியில இருந்திருக்கும்?"

தனபால் போட்டோவைப் பாத்தாரு. பட்டம்மா நேரா அவரையே பாத்துட்டு நின்னுச்சு.

"கொள்ளுப்பாட்டியா? எதுக்கும்மா?"

"புருஷன் இல்லாம அந்தக் கரையில இறங்கின பொம்பளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு வேற பதிவேடு இருக்கு. எடுக்கவா?"

"வேணாம்மா."

"உங்க தாத்தா எப்போ பொறந்தாரு?"

"அங்க போய் மூணு வருஷம் கழிச்சு."

ஜெசிந்தா போட்டோவுல உக்காந்திருந்தவரைக் காட்டினாங்க.

"அப்போ நாங்க அய்யாக்கண்ணு ஆளுங்க"ன்னாரு தனபால். "ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை, முனிரத்னம் முனிரத்னம்னு தண்ணி வுட்டோம். மூணு தலைமுறை. அந்த மனுசன் யாருன்னே தெரியாது."

"அவருக்கு வேற யாரும் விட்டிருக்க மாட்டாங்க."

"எங்க ஆளுக்கு?"

ஜெசிந்தா பதிவேட்டை மறுபடி இழுத்து வெச்சாங்க.

"சரி, அவரு ஊராவது சொல்லுங்க. அப்பாவை அங்க கரைச்சுக்கறேன்."

ஜெசிந்தா நானூத்திப் பத்தாவது வரியைக் காட்டினாங்க. அய்யாக்கண்ணு. வயசு பத்தொம்பது. ஊருங்கற கட்டத்துல ஒரு கோடு.

"கோடுன்னா?"

"அவரு சொல்லலைன்னு அர்த்தம். இல்லன்னா யாரும் கேக்கலைன்னு அர்த்தம்."

தனபால் பிஸ்கட் டப்பாவை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. பஸ்ல இடம் கெடைக்காதவங்க தூக்குச்சட்டிய அணைச்சுக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி.

"அம்மாந்தூரத்துல இருந்து தூக்கியாந்திருக்கேன். எங்கம்மா கொண்டு போறது இவரை?"

ஜெசிந்தா டாக்டர் நோட்டை அவர் பக்கமா நகத்தினாங்க. ஆறு விரலுன்னு எழுதின வரிக்குக் கீழ ரெண்டு எண்ணு இருந்துச்சு. அன்னிக்குக் கப்பல் கடல்ல எங்க இருந்துச்சுங்கற குறிப்பு.

"அய்யாக்கண்ணுங்கற பேருக்கு நேரா எழுதியிருக்கற இடம் இது ஒண்ணுதான்யா."

தனபால் அதைப் படிச்சாரு.

டப்பாவை எடுத்து அந்த நோட்டு பக்கத்துல வெச்சாரு. கழுத்துல இருந்து வில்லையைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. எந்திரிச்சாரு.

"மேல்பனந்தூருக்கு பஸ் எங்க ஏறணும்?"

"அங்கதான் உங்களுக்கு யாரும் இல்லையேய்யா."

"முனிரத்னத்துக்கு இருப்பாங்க. எப்போ வருவாருன்னு அவங்க வீட்டுல கேட்டிருப்பாங்க இல்ல? நூத்தி இருபது வருஷமா ஒருத்தனும் போய்ச் சொல்லல."

வாசல் வரைக்கும் போயிட்டாரு.

"ஐயா, டப்பா."

"திரும்பி வந்து எடுத்துக்கறேன்மா. எழவு சொல்லப் போறவன், கையில இன்னொரு எழவைத் தூக்கிக்கிட்டா போவான்?"