காப்பிக்கடைக் காத்தாயியின் நாக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குவளை நாடு என்றொரு நாடு. அதை ஆண்ட செங்கடம்ப ராஜா நல்லவன்தான். ஆனால் காலையில் காப்பி வரும்வரை எதிரில் வந்தவரைக் கடித்துக் குதறிவிடுவான்.

அரபு வணிகர் ஒருவர் பழக்கிவிட்ட ருசி அது. அந்த வணிகர்கள் விதையை அவித்துத்தான் விற்பார்கள். வேற்று மண்ணில் முளைத்துவிட்டால் வியாபாரம் போச்சே! நம் ராஜா விடுவானா? ஆள் வைத்துப் பச்சை விதையைத் திருடி வரச் செய்தான். மலைக்காட்டை வெட்டிச் சாய்த்துத் தோட்டம் போட்டான். தோட்டத்து அதிகாரி உத்தண்டராயர். மழை பொய்த்த ஊர்களுக்கெல்லாம் அவர் கங்காணிகளை அனுப்பி, "மலையில் மூன்று வேளையும் சோறு" என்று ஆசை காட்டி ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஏறியவர்கள் இறங்கியதாகத் தெரியவில்லை.

மலைச்சாலை தலைநகரைத் தொடும் இடத்தில் காத்தாயி கருப்பட்டிக் காப்பிக்கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் சடையனும் மலைக்குப் போனவன். கடையில் இருந்தது ஒரே ஒரு பலகை. குயவரானாலும் சிப்பாயானாலும் தொடை இடிக்க அதில்தான் உட்கார வேண்டும். மந்திரி பூவராகரும் அப்படித்தான் உட்கார்வார். கள்ளுக்கடையில் பேசியது விடிந்தால் மறந்துபோகும். காப்பிக்கடையில் பேசியது மறக்காது. அதுதான் வம்பு. அவரவர் வீட்டில் தனியாக அழுதவர்கள், "உன் தம்பியும் வரலையா? என் மகனும் வரலையே!" என்று கூடிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

உத்தண்டராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் காத்தாயியைக் கயிறு கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மகாராஜா, இவள் தங்களை நிந்தித்தாள். மந்திரியார் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தார்."

"என்ன சொன்னாள்?"

"ராஜா குடிக்கிற காப்பியில் என் புருஷன் உயிர் கொதிக்கிறது என்றாள்."

ராஜாவின் மீசை துடித்தது. "அறுங்கள் அந்த நாக்கை!"

பூவராகர் எழுந்தார். "தண்டனை சரிதான் மகாராஜா. ஆனால் எழுத்தருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். ராயரே, இன்னொரு தடவை சொல்லுங்கள்."

ராயர் உற்சாகமாகச் சொன்னார்.

"கடைசி வரிசைக்கு எட்டவில்லையே?"

ராயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலறினார். வாசலில் யானைக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த பாகன்வரை திரும்பிப் பார்த்தான்.

"கடையில் இதைக் கேட்டது ஒரு பலகை ஆட்கள்," என்றார் பூவராகர். "இப்போது கேட்டது ஊர் முழுக்க. மகாராஜா, கத்தியை முதலில் யார் நாக்கில் வைப்பது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "ராயரே, நீட்டும் நாக்கை!"

"ஐயோ மகாராஜா! அவள் சொன்னதைத்தானே நான் சொன்னேன்?"

"அவளும் யாரோ சொன்னதைத்தானே சொன்னாள்?" என்ற பூவராகர் காத்தாயி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு யார் சொன்னது?"

"மூட்டை ஏத்தி வர்ற வண்டிக்காரங்க சாமி. அவுங்களுக்கு மலையில வேலை செய்யிறவுங்க சொன்னாங்களாம்."

"அப்படியானால் முதலில் சொன்னவன் மலையில் இருக்கிறான். அத்தனை பேரையும் இறக்கி விசாரித்தால்தான் ஆள் அகப்படுவான்."

"இறக்குங்கள்!" என்றான் ராஜா. ராயர் முகம் செத்துப்போயிற்று. மந்திரிக்கு வேண்டியதும் ஜனங்கள் இறங்குவதுதான்; வெறுமனே கேட்டிருந்தால் ராஜா இறக்கியிருப்பானா?

கட்டவிழ்த்த கையோடு காத்தாயி கேட்டாள்: "எம்புருஷனும் வந்துருமா மகாராசா?"

"வருவான், போ."

தளபதி வண்டிகளோடு மலையேறினார். திரும்பியபோது பாதி வண்டி காலி. மீதியில் எலும்பும் தோலுமாகச் சிலர். "மலைக்காய்ச்சல் மகாராஜா. செடி வரிசைகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள்," என்றார். காத்தாயி ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்தாள். சடையன் இல்லை.

ராஜா கிண்ணத்தைக் கவிழ்த்தான். ராயரின் பட்டாடையை உருவிக்கொண்டு, புதைத்த இடமெல்லாம் கல் நட்டு வரும்படி வெறுங்காலோடு மலைக்குத் துரத்தினான். மந்திரிக்குப் பொன்னாடை போர்த்தினான். தோட்டத்தையும் மூடினான். மூடி என்ன? அவனிடமிருந்து விதை திருடிய கப்பல்காரர்கள் அதற்குள் எத்தனையோ தீவுகளில் ஊன்றிவிட்டார்கள். அங்கும் மலை இருந்தது, பசித்த ஜனம் இருந்தது, கங்காணி இருந்தான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பூவராகர் நேரே கடைக்குப் போனார். அடுப்பு அணைந்து கிடந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "உன் நாக்காவது தப்பியதே, காத்தாயி," என்றார்.

"தப்பிச்சது ஐயா," என்றாள் அவள். "இனிமே இத வச்சுக்கிட்டு நான் யாரோட பேச?"

சபையையே வாயடைக்கச் செய்தவர், பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.