நடுங்கும் விண்கலம்

சீடருக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் மாடசாமி. திண்டுக்கல்லில் அரசுப் பேருந்து ஓட்டுநர். குருவுக்கு இருபத்தேழு. பெயர் ஜெசிந்தா. கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில், விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டைச் செய்யும் வேலை.

மாடசாமியின் மகன் குணாளனும் அங்கேதான் வேலை பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, தான் செய்த கலத்தைத் திரையில் முழு வேகத்தில் ஓடவிட்டான். தலை வலிக்கிறது என்று சொல்லி அறைக்குப் போனான். வெள்ளிக்கிழமை காய்ச்சலில் இறந்துபோனான். அந்தக் கணினியை அதன்பிறகு யாரும் அணைக்கவில்லை.

மகனின் கலத்தைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மாடசாமி கேட்டார். வார விடுப்பில் மூன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து பழகினார். முதல் எட்டு வாரமும் வேறொரு கலத்தில்தான் பழக்கம்.

"டீச்சர், இன்னிக்கு என்ன பாடம்?" என்பார்.

"காலால கிளட்சைத் தேடாம உட்காருங்கப்பா. அதுதான் பாடம்" என்பாள் ஜெசிந்தா.

ஒன்பதாவது வாரம் அவள் குணாளனின் திரையை ஒளிரவிட்டாள்.

கலம் நடுங்கிக்கொண்டிருந்தது. இறக்கை உடலைவிட்டு விலகி விலகி ஒட்டியது. இருக்கை கூரைக்கு வெளியே போய்ப் போய் வந்தது.

மாடசாமி வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் குறைத்தார்.

"ஏன்பா குறைக்கிறீங்க?"

"வண்டி ஆடுனா குறைக்கணும்மா. முப்பது வருஷப் பழக்கம்."

"அது ஆடலப்பா. ஆடுற மாதிரி தெரியுது."

"கண்ணு முன்னாடி பிச்சுக்கிட்டுப் போகுது. ஆடலங்கிற."

"உங்க பஸ் மீட்டர்ல என்ன தெரியும்?"

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு தெரியும்."

"அதைப் பார்த்து, உள்ளே ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் எத்தனை விரல் இடைவெளின்னு சொல்வீங்களா?"

"அதெப்படி? அவ்வளவு நுணுக்கம் மீட்டர்ல கிடையாதே."

"இதுவும் அப்படித்தான். பூமியிலிருந்து எவ்வளவு தூரம்னு எண்ணித்தான் இது ஒவ்வொண்ணையும் வரையுது. ஒரு எண்ணுக்கு இத்தனை இலக்கம்தான்னு ஒரு அளவு இருக்கு. அவன் விட்ட வேகத்துல தூரம் எங்கேயோ போயிருச்சு. இலக்கமெல்லாம் தூரத்தைச் சொல்லவே தீர்ந்துபோச்சு. இறக்கை எங்கே, சீட் எங்கேன்னு சொல்ல மிச்சமில்ல. குத்துமதிப்பா வரையுது."

"அப்ப அவன் கலம் நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

ஜெசிந்தா நிரலில் ஒரு வரியைத் திருத்தினாள். கணக்கு இப்போது பூமியிலிருந்து தொடங்காமல் கலத்திலிருந்தே தொடங்கியது.

நடுக்கம் நின்றது. இறக்கையில் அடித்திருந்த ஆணிகள்கூடத் தெரிந்தன. கலத்தின் நெற்றியில் பேருந்தில் இருப்பதுபோல ஒரு ஊர்ப்பலகை. 'திண்டுக்கல்' என்று எழுதியிருந்தது.

"ஊரைவிட்டுப் போற வண்டி. போர்டை மாத்தாம எடுத்திருக்கான் பாரு" என்றார் மாடசாமி.

பிறகு, குறைத்த வேகத்தைப் பழையபடி முழுதாக்கினார். கலம் ஆடவில்லை. கையை எடுத்துவிட்டார்.

"புதன்கிழமை வீடியோவில பேசினான். முகம் இந்தக் கலம் ஆடுன மாதிரித்தான் ஆடுச்சு. நெட் சரியில்லைன்னு நினைச்சேன். போனைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கயும் ஆடுச்சு. அப்புறம் பேசலாம்டான்னு வச்சுட்டேன்."

ஜெசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்ல நடுங்கியிருக்கான்" என்றார். "எது படத்தோட நடுக்கம், எது ஆளோட நடுக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது டீச்சர்?"

மாடசாமி ஊர்ப்பலகையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"மூணரை மணி நேரந்தான். கிளம்பி வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இல்லையா?"

ஜெசிந்தா எழுந்தாள். தன் நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய், அது வழக்கமாக இருக்கும் இடத்தில், தன் மேசைக்கு முன்னால் நிறுத்தி உட்கார்ந்தாள். அவளுடைய நாற்காலியின் கைப்பிடி, மாடசாமி உட்கார்ந்திருந்த குணாளனின் நாற்காலியில் இடித்தது.

"செவ்வாய்க்கிழமை நான் இங்கதாம்பா இருந்தேன்" என்றாள். "ஏசியை நிறுத்தச் சொன்னான். நிறுத்திட்டு என் வேலையைப் பார்த்தேன்."