மூச்சுக்குழாய்க்கு வளையம் வந்த கதை

அந்தக் காலத்தில், வெளியே திரியும் உயிர்கள் மட்டுமல்ல, உடம்புக்குள் குடியிருப்பவையும் வாய் திறந்து பேசும். அப்போது எருக்கஞ்செடியில் வரிச்சி என்றொரு புழு இருந்தாள். தின்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவளுடைய மூச்சுக்குழாய் பூசணி இலைக் காம்பு மாதிரி உள்ளே வெறும் கூடாக இருந்தது. கொஞ்சம் வளைந்தால் போதும், மடங்கி மூச்சு அடைத்துவிடும். பாவம், பக்கத்து இலை எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் நேர் எதிரே இருப்பதைத்தான் தின்பாள்.

ஒருநாள் காற்றில் கிளை ஆட, வரிச்சி சுருண்டு விழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று முனகினாள்.

"இருக்கோம்மா" என்றாள் இழையாள். குழாய்ச் சுவருக்குள் வாழும் மெல்லிய இழைகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி. இழைகள் ஓடிவந்து குழாயின் நீளவாக்கில் விறைத்து நின்றன. மூச்சு வந்தது. ஆனால் வரிச்சி வளையவே முடியாமல் குச்சியாகிப் போனாள்.

"அக்கா, இப்படியே கிடந்தா பட்டினியிலதான் சாவேன்."

இழையாள் யோசித்தாள். "நாங்க குறுக்கே வளையம் வளையமாப் படுத்துக்கறோம். குழாய் மடங்காது, நீயும் வளையலாம். ஆனா எங்களை ஒட்டிக் குழாய்க்குள்ள புதுத்தோல் படிஞ்சு இறுகணும். அதுவரைக்கும் நீ அசையக் கூடாது."

"இறுகின பிறகு நீங்க?"

"கரைஞ்சு போயிடுவோம்."

வரிச்சிக்கு அழுகை முட்டியது. "வேண்டாம்க்கா!"

"நீ மூச்சு விடலேன்னா நாங்க மட்டும் எங்கே இருக்கப்போறோம்?" என்று சிரித்தபடியே இழையாள் முதல் வளையமாகப் படுத்துக்கொண்டாள்.

வரிச்சி பசியை மறந்து கிடந்தாள். வெயில் மங்கி மங்கி வந்தது. உள்ளே யாரோ கிசுகிசுப்பதும், மெல்லத் தூங்கிப்போவதும் கேட்டது. புதுத்தோல் பாலாடைபோலப் படிந்து, அவர்கள் படுத்த வடிவத்திலேயே இறுகியது. பழைய தோலைக் கழற்றிவிட்டு அவள் வளைந்து பார்த்தாள். மூச்சு தடையில்லாமல் ஓடியது.

"அக்கா!" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். உள்ளே வளையங்கள் மட்டும்தான் இருந்தன. பக்கத்து இலை எட்டும் தூரத்தில் இருந்தும் அன்றைக்கு அவளால் ஒரு வாய்கூடத் தின்ன முடியவில்லை.

அடுத்த தோல் உரிக்கும் காலம் வந்தது; குழாய்க்குள் இருந்த வளையத் தோலும் சேர்ந்து கழலும் நேரம். பாதி இலையைத் தின்றுகொண்டிருந்தவளுக்கு உள்ளே சலசலப்பு கேட்டது. முன்பின் தெரியாத புது இழைகள், யாரும் கேட்காமலே வந்து வளையமாகப் படுத்துக்கொண்டிருந்தன. வரிச்சி மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினாள்.

அன்று முதல்தான் பூச்சிகளின் மூச்சுக்குழாய் உள்ளே வளையம் வளையமாக இருக்கிறது. தோல் உரிக்கும் நேரம் வந்தால், எந்தப் புழுவும் இரையை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பதும் அன்று முதல்தான். உள்ளே படுத்திருப்பவர்களை எழுப்பிவிடக் கூடாது பாருங்கள்.