சொல்லாமல் வைத்த பசி

மலைக்காட்டில் மலையாண்டி என்றொரு இருவாட்சிப் பறவை வாழ்ந்து வந்தான். அவன் மனைவி காத்தாயி முட்டையிடும் காலம் வந்ததும், அவர்கள் இனத்து வழக்கப்படி மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலை மண்ணால் அடைத்துவிட்டாள். அலகு நீட்ட ஒரு சின்னத் துவாரம் மட்டும் இருந்தது. குஞ்சு பொரிந்து வளரும்வரை பழம் கொண்டுவந்து ஊட்டுவது மலையாண்டியின் பொறுப்பு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அத்திமரங்கள் காய்க்கவே இல்லை. மலை தாண்டிப் போனாலும் நாலு பழம் கிடைப்பது பெரும்பாடு. கிடைத்ததையெல்லாம் பொந்தில் கொடுத்துவிட்டு மலையாண்டி பட்டினி கிடந்தான்.

"ஏங்க, பழம் குறையுதே. காட்டுல ஏதும் கஷ்டமா?" என்று காத்தாயி கேட்டாள்.

"காடெல்லாம் பழம்தான். எனக்குத்தான் கொஞ்சம் சோம்பல். குஞ்சு எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, கொழுகொழுன்னு இருக்கான்."

மலையாண்டிக்கு அந்தப் பேச்சே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பக்கத்து மரத்து மலையணிலுக்குப் பொறுக்கவில்லை. "உள்ளே இருக்கிறவகிட்ட உள்ளதைச் சொல்லுப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி யோசிக்கலாம்ல?" என்றது.

"அவளை ஏன் கலங்கடிக்கணும்? நான் ஒருத்தன் போதும்!" என்றான் மலையாண்டி. பெரிய வீரன் என்று நினைப்பு.

ஒருநாள் பறக்கும்போதே இறக்கை சோர்ந்து புதரில் விழுந்தான். மறுநாள்தான் தட்டுத்தடுமாறி வீடு வந்தான். பொந்தின் வாசல் உடைந்து கிடந்தது. காத்தாயி கிளையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குஞ்சு செத்துக் கிடந்தது.

"நல்லா இருக்கான்னு சொன்னியே" என்றான் மலையாண்டி.

"பத்து நாளா அவன் தலையே தூக்கலைங்க. சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு மறைச்சுட்டேன். உங்களைத் தேடி வெளியே வந்தப்பதான் பார்த்தேன், காட்டுல ஒரு அத்திகூட இல்ல. ஏங்க எங்கிட்ட சொல்லல? நான் பொறந்த இடத்துல, ஊற்றோரமா ஒரு நாவல் மரம் இருக்கு. எந்தப் பஞ்சத்துலயும் காய்க்கும். எங்கம்மா எங்களை வளர்த்ததே அந்தப் பழத்துலதான்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று மலையாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் இருவரும் அந்த மரத்துக்குப் போனார்கள். கிளை கொள்ளாமல் பழம் தொங்கியது. இருவரும் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

கஷ்டகாலத்தில் வீட்டில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசிவிட வேண்டும். அன்பினால் மறைத்தாலும் மறைத்தது கெடுதலே செய்யும்.