விலாங்கு கடலுக்குப் போய் முட்டையிடுவது ஏன்

மீனும் மிருகமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாழியாறு மூன்று சீமைகளைக் கடந்து கடலில் கலந்தது. மேலே மலைச்சீமையில் யானைகள் இருந்தன. நடுவில் கோரையும் காட்டுநெல்லும் விளைந்த சமவெளி ஆமைகளுடையது. கடைசியில் இருந்த கழிமுகம் நண்டுகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் வீடு. விலாங்குகள் மலையிலேயே பிறந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே செத்தன. கடல் எந்தப் பக்கம் என்றுகூட அவற்றுக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. மலையில் ஒரு யானைக்கன்று தண்ணீர் தேடிப்போய்ச் சேற்றில் புதைந்து செத்தது. யானைகளின் தலைவி பெரியநாச்சி மூன்று நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் பாறைகளை உருட்டி, ஆறு மலையிறங்கும் இடுக்கை அடைத்துவிட்டாள்.

சில நாளில் ஆமைகளின் தலைவர் தவசி மலையேறி வந்தார். அவர் முதுகில் செவந்தி என்ற நண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா, எங்க கோரையெல்லாம் கருகிப்போச்சு. கொஞ்சம் திறந்து விடுங்க" என்றார் தவசி.

"ஆத்துத் தண்ணி தள்ளிப் பிடிச்சாத்தான் கடல் வெளியே நிக்கும். இப்ப உப்பு உள்ளே ஏறுது. குஞ்சுங்க சாகுது" என்றாள் செவந்தி.

"என் கன்னு செத்தப்ப யாரும் வரலையே" என்றாள் பெரியநாச்சி.

ஆனாலும் இருவரும் திரும்பிப் போகவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை, விடியலிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர் திறக்க வேண்டும். வருவதில் பாதியை ஆமைகள் வைத்துக்கொண்டு, பாதியைக் கழிமுகத்துக்கு விட வேண்டும். பாறைச் சந்தில் நுழைந்து அடைப்புக் கல்லை நகர்த்த ஒல்லியான உடம்பு வேண்டும் என்பதால், அந்த வேலை மருதாயி என்ற விலாங்கிடம் போனது.

முதல் நாளே பெரியநாச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "மருதாயி, உச்சிப் பொழுதோட மூடிடு. கீழே இருக்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?"

செத்த கன்றை மருதாயிக்கும் தெரியும். அவள் உச்சியிலேயே மூடினாள். கீழே தவசி பார்த்தார். வந்ததே பாதி, அதிலும் பாதியைக் கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்து, மண்கரை கட்டி முழுவதையும் நிறுத்திக்கொண்டார். கழிமுகத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செவந்தி தனியாகவே ஊர்ந்து மலைக்கு வந்தாள். வழியில் ஒரு காலை இழந்திருந்தாள்.

"நான் திறந்து விட்டேன். தவசியைக் கேளு" என்றாள் பெரியநாச்சி.

"வர்ற வழியிலேயே கேட்டேன். பாதியைக் கீழே விட்டோம்னுதான் தவசியும் சொல்றாரு" என்றாள் செவந்தி. பிறகு மருதாயியைப் பார்த்தாள். "நீ சொல்லு. முழு நாளும் திறந்தியா?"

மருதாயியின் வயிறு நிறைய முட்டை இருந்தது. "நானே வந்து பாக்கிறேன்" என்று மட்டும் சொல்லி, செவந்தியோடு இறங்கினாள்.

சமவெளியில் ஆமைகள் கட்டிய கரையைப் பார்த்தாள். அதன் நிழலில் ஆமைக்குஞ்சுகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கழிமுகத்தில் செத்த மீன்குஞ்சுகள் சருகுபோலக் குவிந்து கிடந்தன. சேறு வெடித்து, வெடிப்பெல்லாம் உப்பு வெளுத்திருந்தது.

"உச்சியில மூடினது நான்தான்" என்றாள் மருதாயி.

செவந்தி திட்டவில்லை. "இவ்வளவு நாளுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மருதாயி கழிமுகத்தைத் தாண்டி, கடல் தொடங்கும் இடத்துக்குப் போய் முட்டையிடத் தொடங்கினாள்.

"ஐயோ, இங்கே வேண்டாம்! எதுவும் பிழைக்காது!" என்று கத்தினாள் செவந்தி.

"ஆத்துத் தண்ணி வந்தா பிழைக்கும். போய்ச் சொல்லு. மருதாயி பிள்ளைங்க இனிமே கடைமடையில இருக்குன்னு சொல்லு. நான் செஞ்சதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடு."

செவந்தி சொன்னதைக் கேட்டதும் தவசி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு வெளியே நீட்டி, "நானும் பொய்தான் சொன்னேன்" என்று தன் கூட்டத்தாரிடம் ஒப்புக்கொண்டார். கரையைத் தன் கையாலேயே வெட்டினார். மலையில் பெரியநாச்சி எழுந்துபோய் அடைப்புப் பாறையைத் தானே தும்பிக்கையால் தள்ளினாள். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றாள்.

தண்ணீர் கழிமுகத்தைத் தொட்டபோது மருதாயி உயிரோடு இல்லை. உப்பு அவளைத் தின்றிருந்தது. முட்டைகள் பொரிந்தன. கண்ணாடி போன்ற, மயிரிழை கனமுள்ள குஞ்சுகள் நல்ல தண்ணீரின் வாசனை பிடித்து மேல்நோக்கி நீந்தின. சமவெளியில் ஆமைகள் ஒதுங்கி வழிவிட்டன. மலை இடுக்கில், ஈரப்பாறையைப் பற்றி அவை ஊர்ந்து ஏறியபோது, பெரியநாச்சி தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு பாறை காயாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசிக் குஞ்சு ஏறும்வரை ஊற்றினாள்.

அன்றைக்குப் பிறகுதான், மலைச்சுனையில் வளர்ந்த விலாங்கு, முட்டையிடும் பருவம் வந்ததும் மூன்று சீமைகளையும் கடந்து கடலுக்குப் போகிறது. அது திரும்புவதில்லை, அதன் குஞ்சுகள்தான் ஆற்றேறி வருகின்றன.